சோளகத்துக்கு முன்னர் வாருங்கள், மாரியில் அம்மாவோடு இருங்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"நான் திருகோணமலை உவர்மலையில் பிறந்தவள். மெல்பேர்ணில் நீண்ட காலம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் பருத்தித்துறையைச் சேர்ந்தவர். ஐந்து ஆண்டுகளாக வருடத்தின் பாதியை 12 மீற்றர் நீளமான எங்கள் பாய்மரப் படகிலும், மறு பாதியை உறவினர் வீடுகளிலும் கழித்து வருகிறோம். படகு இப்போது மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு மரீனாவில் கட்டப்பட்டிருக்கிறது. வரும் ஏப்ரல் கடைசியில் அங்கிருந்து புறப்பட்டு மே நடுப்பகுதியில் திருகோணமலைக்கு வந்து, ஒன்றரை மாதம் அம்மாவோடு இருந்துவிட்டு, படகைத் துறைமுகத்தில் நங்கூரத்தில் விட்டு, ஜூலையில் ரொறன்ரோவில் மைத்துனர் வீட்டுக்கும் அங்கிருந்து மெல்பேர்ணில் மகளிடமும் போய், தை பிறந்த பின் திரும்பி வந்து மாலைதீவுக்குப் படகை எடுத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். மகளின் பிள்ளைக்கு இரண்டு வயது. அம்மாவுக்கு 84. 'அந்தப் படகை ஒருக்கால் தொட்டுப் பார்க்க வேணும்' என்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கையோ, 'நீங்கள் காத்துக்கு வாறீங்கள், அம்மாவுக்கு வாறேல்லை' என்று சொல்லிவிட்டாள். எந்த வீட்டுக்குப் போனாலும் மூன்றாவது கிழமையில் கணவர் நிலைகொள்ளாமல் தவிக்கத் தொடங்கிவிடுகிறார். எங்கள் திட்டம் சரியா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் திட்டத்தில் போகவேண்டிய இடங்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நீங்கள் குறித்திருக்கும் மாதங்கள்தாம் தவறானவை. கப்பலில் அதிகாரியாகச் சில ஆண்டுகளும், பின்னர் இந்தத் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களையும் படகுகளையும் பரிசோதித்து அறிக்கை எழுதும் தொழிலில் பல ஆண்டுகளும் கழித்தவன் என்ற முறையில், அந்த மாதங்களை மாற்றினால் படகுக்கு மட்டுமன்றி உங்கள் தாயாருக்கும் தங்கைக்கும் நன்மை உண்டாகும் என்று நம்புகிறேன். ஆகவே காற்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தங்கை குறையாகச் சொன்ன அதே காற்று, சரியாகக் கணக்கிட்டால், உங்களை அம்மாவிடம் உரிய நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும்.

வங்காள விரிகுடாவில் டிசம்பர் முதல் மார்ச் வரை வாடை என்ற வடகிழக்குக் காற்று வீசுகிறது. லங்காவியிலிருந்து மேற்கு நோக்கி வருகிற படகுக்கு அது பின்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தள்ளிக்கொண்டு வரும் காற்று. மே மாதத்தில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் அதே பாதையில் காற்றும் அலையும் முகத்தில் அடிக்கும். பத்து நாளில் முடிய வேண்டிய பயணம் இருபது நாளாகலாம், படகும் மனிதரும் களைத்துப் போகலாம். இடைப்பட்ட ஏப்ரல் கடைசியும் மே மாதமும் காற்று மாறுகிற வேளை மட்டுமல்ல, வங்காள விரிகுடாவில் புயல் தோன்றும் இரண்டு பருவங்களில் முதலாவது பருவமும் ஆகும். 2008இல் மியன்மாரை அழித்த நர்கிஸ், 2020இன் அம்பான், 2023இன் மோக்கா ஆகிய மூன்றும் ஏப்ரல் கடைசிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையில் உருவானவை. நீங்கள் புறப்படக் குறித்திருக்கும் கிழமைகள் அவையேதான். உங்கள் கணவரின் ஊருக்குப் பக்கத்திலுள்ள வல்வெட்டித்துறையார் பாய்க்கப்பல்களில் பர்மாவுக்கு வணிகம் செய்த காலத்தில், சோளகத்தில் போய் வாடையில் திரும்பியதற்கும் இதே கணக்குத்தான் காரணம். அவர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைச் சென்றடைந்தது; பருவத்தை மதிக்காத மாலுமிகளிடமிருந்து அப்படியொரு பயணம் பிறந்திருக்காது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் படகைத் திருகோணமலையில் ஆளில்லாமல் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் மெல்பேர்ணில் இருப்பதாகத் திட்டமிட்டிருக்கிறீர்கள். எங்கள் உள் துறைமுகம் மலைகள் சூழ்ந்தது, எந்தத் திசைக் காற்றுக்கும் ஒதுங்க இடம் தருவது என்பதெல்லாம் உண்மை. ஆயினும் கிழக்குக் கரையைப் புயல் தாக்குவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் பகுதியைக் கடந்தே அங்கு போனது. 1978 நவம்பர்ப் புயலை மட்டக்களப்பு மக்கள் இன்றும் மறக்கவில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. புயல் வராத ஆண்டிலும் மாரிமழை கொட்டும். மகாவலி பெருக்கெடுத்துக் கொட்டியாரக் குடாவுக்குள் சேற்றையும் மரக்கட்டைகளையும் கொண்டுவந்து தள்ளும். இப்படிப்பட்ட மூன்று மாதங்களுக்கு ஒரு படகை ஒற்றைச் சங்கிலியில் விட்டுச் செல்ல நான் ஒருபோதும் சம்மதம் எழுதிக் கொடுக்க மாட்டேன். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, ஆளில்லாமல் நங்கூரத்தில் கிடக்கும் காலத்தைப் பற்றியும் பெயரிடப்பட்ட புயல்களைப் பற்றியும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரிவரியாக வாசியுங்கள். பல பத்திரங்களில் அத்தகைய சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படும் அல்லது வெகுவாகக் குறைக்கப்படும்.

லங்காவியிலும் புக்கெற்றிலும் இருப்பதைப் போல, பாய்மரப் படகை நீரிலிருந்து தூக்கித் தரையில் தாங்கிகளின் மேல் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் மரீனா திருகோணமலையில் இல்லை. கடல் வற்றும்போது படகைத் தரைதட்ட வைத்து அடிப்பாகத்தைப் பார்க்கலாம் என்றால், இங்கு வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. இந்த ஒரு விடயத்திலிருந்து உங்கள் வருடம் முழுவதையும் ஒழுங்குபடுத்திவிடலாம் என்பது என் எண்ணம். படகு தரையில் பத்திரமாக நிற்கக்கூடிய ஊரில் இருக்கும்போது தூரத்து உறவுகளிடம் நீண்ட காலம் போய் இருங்கள். படகு நீரில் மட்டுமே கிடக்கக்கூடிய ஊரில் இருக்கும்போது அந்த ஊரிலுள்ள உறவோடு இருங்கள். உங்கள் திட்டம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது: படகு லங்காவியில் நிற்கும் மாதங்களில் நீங்களும் அங்கேயே இருக்கிறீர்கள், படகு திருகோணமலைக்கு வந்ததும் நீங்கள் உலகத்தின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறீர்கள்.

எனவே மெல்பேர்ண் பயணத்தை இந்த வருடமே முடித்துக்கொள்ளுங்கள். ஒக்ரோபர் தொடக்கத்தில் படகை லங்காவியில் கரையேற்றிவிட்டு, தை முதல் கிழமை வரை மகளோடு இருக்கலாம். அங்கு இளவேனிலும் கோடைத் தொடக்கமும் நத்தார் விடுமுறையும் சேர்ந்து வரும் மூன்று மாதங்கள் அவை. தை நடுவில் லங்காவிக்குத் திரும்பி, அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத வர்ணம் பூசி, பாயையும் கயிறுகளையும் பரிசோதித்து, மாசியில் புறப்பட்டால் மாசிக் கடைசியிலோ பங்குனி முற்பகுதியிலோ எங்கள் துறைக்குள் வந்துவிடுவீர்கள். பேரப்பிள்ளைக்கு இரண்டு வயதுதான் ஆகிறது, பள்ளிக்கூட விடுமுறை என்ற கட்டு இன்னும் விழவில்லை. மகளின் குடும்பத்தோடு காலத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் இன்னும் இரண்டு மூன்று வருடங்களுக்கே உங்களுக்கு இருக்கும்.

கரையேற்றி நிறுத்துவதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தரையில் நிற்கும் படகைக் கெடுப்பது கடலன்று, ஈரப்பதமும் மழைத் தண்ணீருமே. பாய்களைக் கழற்றி நன்னீரில் அலசி, உலர்த்தி, மடித்து உள்ளே வையுங்கள். டீசல் தாங்கியை நிரப்பி வையுங்கள். பாதி வெறுமையாக விட்டால் உட்சுவரில் நீர் வியர்த்து இறங்கி, அந்த நீரில் பூஞ்சை வளர்ந்து, பிறகு நடுக்கடலில் வடிகட்டியை அடைக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தால் அதன் சவ்வைப் பாதுகாப்புத் திரவத்தில் ஊற வைக்க மறக்காதீர்கள். அது காய்ந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். இயந்திரத்துக்குக் கடல்நீர் இழுக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றி, இயந்திரத்தின் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்தால், திரும்பி வந்ததும் அதைப் பூட்டாமல் இயந்திரத்தை முடுக்கும் பிழை நேராது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துணியைச் செருகிவிடுங்கள். எரிவாயுச் சிலிண்டரை மூடிக் கழற்றுங்கள். அரிசி, மா, பருப்பு எதையும் விட்டு வைக்காதீர்கள். எறும்பையும் கரப்பானையும் பின்னர் விரட்டுவது பெரும்பாடு. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாதம் இருமுறை உள்ளே ஏறிப் பார்த்துப் படம் பிடித்து அனுப்ப ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவது. அந்தப் படங்கள் வந்துகொண்டிருந்தால் உங்கள் கணவர் மகள் வீட்டில் மூன்றாவது கிழமைக்குப் பிறகும் நிம்மதியாக இருப்பார் என்று நினைக்கிறேன். அவருடைய தவிப்புக்கு உறவினர் மேல் வெறுப்பு காரணமாக இருக்காது. நீரில் கிடக்கும் படகில் ஒரு கயிறு தேய்கிறதா, ஒரு பம்ப் ஓடுகிறதா என்று தெரியாமல் இருப்பதே காரணமாக இருக்கும். எத்தனையோ படகுக்காரரிடம் அதைக் கண்டிருக்கிறேன். முதலில் அவரிடம் இதைப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்.

லங்காவியிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 1,200 கடல் மைல். மணிக்கு ஐந்து கடல் மைல் வீதம் ஓடினால் பத்து நாள். ஆனால் நல்ல வானிலைக்காக லங்காவியில் ஒரு கிழமை காத்திருக்க நேரலாம். நிக்கோபார்த் தீவுகளைக் கடந்த பின் காற்று விழுந்து இரண்டு நாள் பாய் தொங்கலாம். ஆகவே அம்மாவிடம் மாதத்தைச் சொல்லுங்கள், திகதியைச் சொல்லாதீர்கள். என் அனுபவம் ஒன்று இதற்கு உண்டு. நான் இளம் அதிகாரியாக இருந்தபோது, பொங்கலுக்கு வீட்டில் நிற்பேன் என்று அம்மாவுக்கு எழுதிவிட்டேன். கப்பல் வேறொரு துறையில் ஒன்பது நாள் தரித்து நின்றுவிட்டது. பொங்கலன்று விடியற்காலையிலிருந்து அம்மா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாராம். மத்தியானம் வரை சாப்பிடவில்லையாம். நான் வந்து சேர்ந்தபோது அதைத் தங்கைதான் சொன்னாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதன் பின்னர் கடலிலிருந்து நான் எவருக்கும் திகதி கொடுத்ததில்லை. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, திவசம் போன்ற திகதி தப்பக்கூடாத நிகழ்வு எதுவாயினும் விமானத்தில் வாருங்கள். பாயை நம்பி எவருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களும் 84 வயதுத் தாயாருக்குப் பெரும் பாரமாக இருக்கும் என்பதால், செய்தி அனுப்பும் முறையைப் புறப்படும் முன்னரே வகுத்துக்கொள்ளுங்கள். செய்மதிக் கருவி மூலம் ஒரு நாளுக்கு ஒரு செய்தி, ஒரே நேரத்தில், தங்கையின் பிள்ளைகளில் ஒருவருக்கு அனுப்பினால் போதும். அடிக்கடி பேசத் தொடங்கினால், ஒருநாள் கருவி பழுதானாலே வீட்டில் அழுகை எழும்பிவிடும். ஒரு நாள் செய்தி வராவிட்டால் ஒன்றும் செய்யத் தேவையில்லை, எத்தனையாவது நாளில் யாருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளில் கொழும்பிலுள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தின் எண்ணும், படகின் பெயரும் நிறமும் நீளமும் படமும், படகில் எத்தனை பேர் என்பதும் இருக்க வேண்டும். உங்கள் படகு அவுஸ்திரேலியாவில் பதிவானதாயின், அபாய சமிக்ஞைக் கருவியும் அந்நாட்டின் கடல்சார் பாதுகாப்பு அதிகாரசபையில் பதியப்பட்டிருக்கும். அப்பதிவை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதில் அவசரத் தொடர்பாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். நடு இரவில் தொலைபேசியை எடுத்து, ஆங்கிலத்தில் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். அம்மாவின் பெயர் அங்கே இருக்கக் கூடாது.

எங்கள் கரையை நெருங்கும் இரவு மிகுந்த விழிப்போடு இருங்கள். பலநாட் படகுகளின் வலைகளும், விளக்கில்லாத சிறு வள்ளங்களும் கரையிலிருந்து வெகுதூரம் வரை இருக்கும். எவ்வளவு களைத்திருந்தாலும் விடியும் வரை வெளியில் நின்று, பகல் வெளிச்சத்தில் உள்ளே வாருங்கள். குடாவின் நடுவில் ஆழ்பள்ளம் இருப்பதால் நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாது. கடற்படைத் தளமும் இங்கு இருப்பதால் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தை வானொலியில் அழைத்து, அவர்கள் காட்டும் இடத்திலேயே நிற்க வேண்டும். உள்ளூர் முகவர் ஒருவரை வருவதற்கு மாதங்களுக்கு முன்னரே அமர்த்தி, மூன்று விடயங்களை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்: படகு எத்தனை மாதம் நாட்டில் நிற்கலாம், உரிமையாளர் இருவரும் விமானத்தில் வெளியேறினால் சுங்கத் திணைக்களத்தின் பார்வையில் படகின் நிலை என்ன, படகில் வந்தவர்கள் விமானத்தில் போய்த் திரும்பும்போது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் என்ன பத்திரங்களைக் கேட்கும். நீங்கள் இரட்டைக் குடியுரிமை பெற்றவரா, அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டில் மட்டும் வருபவரா என்பதையும் முகவரிடம் முதலிலேயே தெரிவியுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பயணச்சீட்டு வாங்க வேண்டாம்.

நீங்கள் வந்து சேரும் காலம் எங்கள் ஊரின் நல்ல காலம். மாரி ஓய்ந்து, கடல் அடங்கி, வெயில் இன்னும் கடுமையாகாத நாட்கள். மகா சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வருவதைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். தொடர்ந்து பங்குனியில் திருவிழா. சிவராத்திரி மாசியில் எந்தத் திகதியில் விழுகிறது என்பதைப் பொறுத்து, நகர்வலத்துக்கு முன்னரோ பின்னரோ வருவீர்கள். அதையும் வாக்காகச் சொல்லிவிடாதீர்கள். மே முடியும்வரை அம்மாவின் வீட்டிலேயே படுத்து எழும்புங்கள். மாலையில் படகுக்குப் போய்விடுகிற பிள்ளை, வீட்டாருக்கு விருந்தாளியாகவே தோன்றும். கணவர் காலையில் இரண்டு மணி நேரம் படகுக்குப் போய் வரட்டும், போதும்.

ரொறன்ரோவுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் போகலாம். அங்கு கோடை, இங்கு மழையில்லாத காலம், புயலும் கிழக்குக் கரைக்கு வராத காலம். ஆனால் ஏழு எட்டுக் கிழமைக்கு மேல் வேண்டாம். மழையில்லை என்றாலும் கச்சான் காற்று உண்டு. பிற்பகலில் மலையிடுக்குகளால் அது சீறிக்கொண்டு இறங்கும்போது நங்கூரத்தில் கிடக்கும் படகு சங்கிலியைச் சுற்றிச் சுற்றி ஆடும். ஆகவே நங்கூரத்தை நம்பாமல், கனமான அடிக்கல்லோடு கூடிய மிதவை ஒன்றில் இரட்டைக் கயிற்றில் கட்டுங்கள். கட்டும் முன்னர் சுழியோடி ஒருவரை இறக்கி, கல்லையும் சங்கிலியையும் வளையங்களையும் பார்க்கச் செய்யுங்கள். கயிறு உராயும் இடங்களில் தடித்த குழாயைப் போடுங்கள். நாள்தோறும் படகில் ஏறி இறங்க நம்பிக்கையான ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். "பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் நண்பரிடம் விடாதீர்கள்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர், இந்தத் துறைமுகத்திலன்று, வேறோர் இடத்தில், உரிமையாளர்கள் ஆறு கிழமை ஊருக்குப் போயிருந்தபோது மூழ்கிய படகு ஒன்றைப் பரிசோதிக்க என்னை அழைத்தார்கள். புயலுமில்லை, மோதலுமில்லை. சுக்கான் பிடிக்குமிடத்தில் சேரும் மழைநீர் வடிந்து போகும் துவாரத்தில் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. நீர் வடியாமல் நிரம்பி, கதவின் கீழ்விளிம்பால் உள்ளே இறங்கியது. உள்ளிருந்த பம்ப் தன் கடமையைச் செய்தது. பற்றரி தீரும்வரை செய்தது. சூரியத் தகட்டின் மேல் உரிமையாளர்களே வெயிலுக்காகத் தார்ப்பாய் விரித்துவிட்டுப் போயிருந்தார்கள். காவலுக்கு ஒப்புக்கொண்டவர் கரையிலிருந்து கண்ணால் பார்த்து, "படகு நிற்கிறது" என்று ஒவ்வொரு கிழமையும் செய்தி அனுப்பியிருந்தார். அந்தத் தம்பதியர் அழுதபடி நனைந்த புகைப்படங்களைக் கரையில் காயப் போட்டுக்கொண்டிருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடிப்பாகத்து வால்வுகளை மூடுவது, பம்பைத் தானாக இயக்கும் மிதவை விசை வேலை செய்கிறதா என்று ஒரு வாளி நீர் ஊற்றிப் பார்ப்பது, வடிகால்களில் வலை போடுவது, சூரியத் தகட்டை மறைக்காதிருப்பது: இந்த நான்கையும் செய்யாமல் விமானம் ஏறாதீர்கள்.

ஆகஸ்டில் திரும்பி வந்து, அதன் பின்னர் தை வரை எங்கும் போகாதீர்கள். இதுதான் என் ஆலோசனையின் முக்கியமான பகுதி. மாரிக்காலத்தில் படகுக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்: புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றக்கூடிய துணியையும் பாயையும் கழற்றி, கயிறுகளை இரட்டிப்பாக்கி, உள்ளே இன்னும் ஒதுக்கான இடத்துக்கு நகர்த்த அனுமதி கேட்டு, அதன்பின் படகை விட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும். அதே மாதங்களில்தான் உங்கள் தாயாருக்கும் துணை வேண்டும். மழையில் முற்றம் வழுக்கும், மின்சாரம் நிற்கும், நுளம்பு பெருகும், மருத்துவமனைக்குப் போக வாகனம் தேட வேண்டியிருக்கும். இத்தனை வருடமும் அந்த மாரி முழுவதையும் உங்கள் தங்கை தனியாகச் சமாளித்திருக்கிறார். அவர் சொன்ன வார்த்தையின் பின்னால் இருப்பது அதுதான் என்று கருதுகிறேன். நீங்கள் இதுவரை வந்துபோன நாட்களெல்லாம் வெயில் நாட்கள்; விருந்தும் கோயிலும் கடற்கரையும் உள்ள நாட்கள். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை அம்மாவின் மருந்து, சாப்பாடு, இரவு விழிப்பு எல்லாவற்றையும் நீங்கள் ஏற்றுக்கொண்டு, தங்கையை அவருடைய பிள்ளைகளோடு எங்கேனும் போய்வர அனுப்புங்கள். தீபாவளிக்கு வருவோமா மாட்டோமா என்ற பேச்சும் அந்த வருடம் எழாது. நீங்கள்தான் வீட்டில் இருப்பீர்களே.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அம்மாவின் உடல்நிலை திடீரென்று மாறக்கூடியது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இந்த முறை படகை லங்காவியிலேயே தரையில் விட்டுவிட்டு விமானத்தில் வாருங்கள். கோலாலம்பூரிலிருந்து கட்டுநாயக்காவுக்கு மூன்றரை மணி நேரம். அங்கிருந்து தரைவழியாக அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கடலில் ஆறாவது நாளில் இருக்கும்போது ஒரு துக்கச் செய்தி வந்தால் திரும்பவும் முடியாது, விரைந்து வரவும் முடியாது. அந்த நிலையில் இருந்த தம்பதியர் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிப் பிரிந்ததையும் அறிவேன். எனவே மருத்துவரின் கருத்தைத் தை மாதத்தில், லங்காவிக்குத் திரும்பும் முன்னர், தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலைதீவுப் பயணத்தை அடுத்த தையில், வாடை நிலைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இங்கிருந்து தெற்கு நோக்கிக் காலி வரை ஏறத்தாழ 240 கடல் மைல். வழியில் சின்ன பாசஸ், பெரிய பாசஸ் பாறைத் திட்டுகளுக்கு நன்கு வெளியே ஓடுங்கள். தெவுந்தர முனைக்கு வெளியில் உலகின் பெருங்கப்பல் போக்குவரத்து ஓடுவதால் அந்தப் பாதைக்கும் கரைக்கும் இடையில் இருங்கள். காலியில் இளைப்பாறிக்கொண்டு மேற்கே திரும்பலாம்.

இனி, அம்மா படகைத் தொட்டுப் பார்ப்பது. அதைப் பங்குனியிலோ சித்திரையிலோ ஒரு காலை வேளையில் செய்யுங்கள். ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், கடற்காற்று எழும்புவதற்கு முன்னர். சிறு ரப்பர்ப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் ஏணியால் ஏற்ற நினைக்காதீர்கள். அந்த வயதில் ஒரு கால் தவறினால் இடுப்பெலும்பு போய்விடும். முகவர் மூலம் அனுமதி பெற்று, படகை இறங்குதுறையோடு ஒரு மணி நேரம் பக்கவாட்டில் கட்டி, தளத்துக்கும் துறைக்கும் உயர வித்தியாசம் குறைவாக உள்ள இடத்தில், அகலமான பலகை போட்டு, இரண்டு பேர் இருபக்கமும் பிடித்து அழைத்து வாருங்கள். செருப்பைக் கழற்றச் செய்யுங்கள், சேலையின் கரையைச் சற்று உயர்த்திச் செருகிவிடுங்கள், உயிர்காப்பு அங்கியை வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பழக்குங்கள். கைப்பிடியுள்ள கதிரை ஒன்றை முன்னரே தளத்தில் கட்டி வையுங்கள். கயிற்றை அவிழ்த்து ஓட்டிக் காட்டத் தேவையில்லை. பாய்மரத்தில் அவர் கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க விரும்புகிறாரோ அவ்வளவு நேரம் இருக்கட்டும். தங்கையையும் கட்டாயம் கூட்டி வாருங்கள்.